ஆர்க் நோவா: காற்றால் நிற்கும் இசை மண்டபம்

2011 மார்ச் 11 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் வடகிழக்குக் கரையோர ஊர்களைச் சிதைத்தபின், அவ்வூர் மக்களிடமே இசையைக் கொண்டு சேர்க்க விரும்பிய சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் இசை விழாவுக்காக, மும்பையில் பிறந்த பிரித்தானியச் சிற்பி அனிஷ் கபூரும் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் அராட்டா இசோசாகியும் இணைந்து இம்மண்டபத்தை வடிவமைத்தனர். 2013இல் மத்சுஷிமாவில் முதன்முதலாக எழுப்பப்பட்ட இது, ஏறத்தாழ 500 பேர் அமரக்கூடியது.

இதற்குத் தூண்களோ உத்தரங்களோ இல்லை. பிளாஸ்டிக் பூச்சிட்ட மெல்லிய துணிப்படலத்தின் உட்புறக் காற்றழுத்தத்தை வெளியழுத்தத்தைவிடச் சற்றே மிகுதியாக வைத்திருப்பதே, சுமார் 18 மீட்டர் உயரமுள்ள கூட்டை நிமிர்த்தி நிறுத்துகிறது. காற்றை வெளியேற்றினால் மண்டபம் முழுவதையும் மடித்து வேறோர் ஊருக்கு எடுத்துச் செல்லலாம். கத்தரிப்பூ நிறப் படலத்தின் ஊடாகப் பகலொளி கசிந்து உட்புறத்தை நிறைப்பதாலும், வளைந்த குழாய் ஒன்று அவையின் நடுவே ஊடுருவிச் செல்வதாலும், இசை கேட்க வந்தவர் ஒரு சிற்பத்தின் உள்ளேயே அமர்ந்திருக்கிறார். கபூரின் கலைநோக்கு இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது.

மத்சுஷிமாவின் சூய்கான்ஜி என்னும் ஜென் பௌத்தக் கோயிலில், ஆழிப்பேரலையின் உப்புநீரால் பட்டுப்போய் வெட்டப்பட வேண்டியிருந்த சிடார் மரங்களே இதன் இருக்கைகளாயின. கூட்டின் துணிவைவிட இந்தத் தேர்வே போற்றுதலுக்குரியது. பின்னர் இம்மண்டபம் 2014இல் செண்டாயிலும், 2015இல் ஃபுகுஷிமாவிலும், 2017இல் டோக்கியோவிலும் எழுப்பப்பட்டது.