பையும் வட்டமும்: 22/7 என்பது பை அன்று

மாணவர்களே, வட்டம் பற்றிய வினாக்களில் ‘பையின் பெறுமானம் 22/7 எனக் கொள்க’ என்ற குறிப்பை அடிக்கடி காண்பீர்கள். ‘கொள்க’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பை 22/7 இற்குச் சமன் என்று அங்கே கூறப்படவில்லை. கணித்தலுக்கு அப்பெறுமானத்தைப் பயன்படுத்துமாறே கூறப்படுகின்றது.

1. பை என்றால் என்ன?

பால்மாப் பேணி, சாப்பாட்டுக் கோப்பை, சைக்கிள் சில்லு ஆகிய மூன்றையும் எடுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நூல் வைத்துப் பரிதியை அளவுங்கள். பின்னர் விட்டத்தை அளந்து, பரிதியை விட்டத்தால் வகுங்கள். மூன்றிலும் 3 இலும் சற்றுக் கூடிய, ஏறத்தாழ ஒரே விடையே கிடைக்கும்.

காரணம் எளிது. எல்லா வட்டங்களும் ஒன்றுக்கொன்று இயல்பொத்தவை. விட்டம் இருமடங்கானால் பரிதியும் இருமடங்காகும். ஆகவே விகிதம் மாறாது. இம்மாறிலியே பை எனப்படும்.

பரிதி ÷ விட்டம் = பை
பரிதி = பை × விட்டம் = 2 × பை × ஆரை

2. பெறுமானம் எவ்வாறு கிடைத்தது?

கவராயத்தால் வட்டமொன்றை வரைந்து, அதே ஆரையால் பரிதியில் தொடர்ந்து வெட்டுங்கள். ஆறு புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைத்தால் ஒழுங்கான அறுகோணி உண்டாகும். அதன் சுற்றளவு 6 ஆரை, அதாவது 3 விட்டம். வட்டம் இதற்கு வெளியே வளைந்து செல்வதால் பை 3 இலும் கூடியது. வட்டத்தை வெளியே தொட்டு நிற்கும் சதுரத்தின் சுற்றளவு 4 விட்டம். ஆகவே பை 4 இலும் குறைந்தது.

கிரேக்க அறிஞர் ஆக்கிமிடிஸ் இம்முறையையே 96 பக்கங்கள் வரை கொண்டு சென்று, பை 3 10/71 இலும் கூடியது, 3 1/7 இலும் குறைந்தது எனக் காட்டினார். 3 1/7 என்பதே 22/7 ஆகும். எனவே 22/7 என்பது பையின் ஒரு மேல் எல்லை மாத்திரமே.

கி.பி. 499 இல் ஆரியபட்டர், விட்டம் 20,000 ஆயின் பரிதி 62,832 என்றார். இது 3.1416 ஐத் தரும். இதுவும் அண்ணளவானது என்றே அவர் குறிப்பிட்டார். கேரளத்து மாதவர் முடிவில்லாத தொடர் ஒன்றினால் பையைக் கணிக்கும் வழியைக் கண்டார். பை ஒரு விகிதமுறா எண் என்பதை 1761 இல் லம்பேர்ட் நிறுவினார். அதாவது, எந்தப் பின்னமும் பைக்குச் சரியாகச் சமனாகாது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் கற்ற இராமானுஜன், பையை விரைவாகக் கணிக்கும் தொடர்களை 1914 இல் வெளியிட்டார். அவற்றை ஒத்த சூத்திரம் ஒன்றினால் 2022 இல் கணினிகள் 100 திரில்லியன் இலக்கங்களைக் கணித்தன.

3. 22/7 ஆ, 3.14 ஆ?

பை = 3.14159...
22/7 = 3.142857142857... (மீளும் தசமம்)

22/7 ஏறத்தாழ 0.0013 ஆல் கூடியது. 3.14 ஏறத்தாழ 0.0016 ஆல் குறைந்தது. எனவே 22/7 சற்று நெருக்கமானது. எனினும் வினாவில் எது தரப்பட்டுள்ளதோ அதையே பயன்படுத்துக. 7 இன் மடங்குகள் வந்தால் 22/7 இலகுவாகச் சுருங்கும்.

4. பயன்பாடு

(அ) பனையைத் தறிக்காமல் அதன் விட்டத்தை அளக்க முடியாது. ஆனால் சுற்றளவை நூலால் அளக்கலாம். சுற்றளவு 132 சென்ரிமீற்றர் எனின்,
விட்டம் = 132 × 7/22 = 42 சென்ரிமீற்றர்.

(ஆ) ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோட்டத்திற்குக் கிணறே ஆதாரம். வட்டக் கிணறொன்றின் உள்விட்டம் 3.5 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர் எனின், நீர் எவ்வளவு?

பரிதியின் அரைவாசியை விட்டத்தின் அரைவாசியால் பெருக்க வட்டத்தின் பரப்பளவு கிடைக்கும் என்பது பழந்தமிழ்க் கணக்கு முறை. பரிதியின் அரைவாசி பை × ஆரை; விட்டத்தின் அரைவாசி ஆரை. ஆகவே பரப்பளவு = பை × ஆரை × ஆரை.

ஆரை = 1.75 மீற்றர்
பரப்பளவு = 22/7 × 1.75 × 1.75 = 9.625 சதுர மீற்றர்
கனவளவு = 9.625 × 2 = 19.25 கன மீற்றர் = 19,250 லீற்றர்

ஆரைக்குப் பதிலாக விட்டத்தைப் பிரதியிட்டால் விடை 77,000 லீற்றர் என வரும். அதாவது நான்கு மடங்கு. அதை நம்பி மிளகாய்க் கன்று நட்டவரின் தோட்டம் இடைநடுவில் வாடிவிடும். பரீட்சையிலோ புள்ளிகள் இழக்கப்படும்.

5. நினைவிற் கொள்க

• தரப்பட்டது ஆரையா, விட்டமா என்பதை முதலில் கோடிடுக.
• பரிதிக்கு நீள அலகு, பரப்பளவுக்குச் சதுர அலகு, கனவளவுக்குக் கன அலகு எழுதுக.
• விடை 3 விட்டத்திற்கும் 4 விட்டத்திற்கும் இடையில் இல்லையெனில் பரிதியை மீண்டும் கணிக்க.

பயிற்சி: 70 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சைக்கிள் சில்லு 1.1 கிலோமீற்றர் செல்ல எத்தனை தடவை சுழலும்? (விடை: 500)