பழைய மேஜையும் புதிய வர்ணமும்

பாட்டனார் காலத்து மேஜையோ நாற்காலியோ ஒன்றாவது இல்லாத வீடு நம்மில் அரிது. அதன் வார்னிஷ் மங்கிக் கறுத்து, விருந்தினர் வரும்போது உள்ளறைக்குத் தள்ளிவிடும் நிலைமைக்கு வந்த பிறகு, "இதற்கு ஒரு கை வர்ணம் பூசினால் என்ன?" என்று யாராவது கேட்காமலும் இரார். கேட்டவரே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டப்பா எனாமலும் ஒரு பிரஷும் வாங்கி வந்து, சாயங்காலத்திற்குள் காரியத்தை முடித்துவிடுவார். நானும் அவ்விதம் முடித்தவன்தான்.

அது என் பாட்டனார் கணக்கெழுதிய தேக்கு மேஜை. என் சகோதரியின் பெண் பள்ளிப் பாடம் எழுதுவதற்காக அதற்கு வானநீலம் பூசினேன். மூன்று நாள் வீடே மெச்சிற்று. இரண்டு மாதத்தில், அவள் முழங்கை ஊன்றும் இடத்தில் வர்ணம் வெங்காயத் தோல் போல் உரியலாயிற்று. நகத்தால் அதைப் பிய்ப்பதே குழந்தைக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. உள்ளே இருந்த பழைய வார்னிஷோ, ஒரு கீறலுமின்றி என்னைப் பார்த்துப் பளபளவென்று சிரித்தது.

பிசகு வர்ணத்தினுடையதன்று. வார்னிஷ் என்பது மரத்தின்மேல் ஏடாக இறுகிய பிசின். கண்ணாடியைப் போல் வழவழப்பானது. அதன்மீது கைப் பிசுக்கும், சமையலறைப் புகையும், பல வருஷத்து மெழுகும் படிந்திருக்கின்றன. புதிய வர்ணம் பற்றிக்கொள்ளப் பிடிப்பு எங்கே இருக்கிறது? அந்தப் பிடிப்பை உண்டாக்குவதுதான் வேலை. பூசுவது அதன் கடைசிப் பகுதி மட்டுமே.

அதற்கு முன் ஒரு கேள்வி. வர்ணம் பூசத்தான் வேண்டுமா? ஈட்டி மரமும் நல்ல தேக்கும் தம் ரேகைகளே அழகாகக் கொண்டவை. ஒருமுறை வர்ணம் ஏறி ரேகைகளின் நுண்துளைகளில் புகுந்துவிட்டால், பிறகு அதை முழுவதும் எடுப்பது வெகு பிரயாசை. அத்தகைய சாமான்களுக்கு மெருகே போதுமென்பது என் அபிப்பிராயம். என் மேஜையின் மேற்பலகை முன்பே வெடித்து, ஒட்டுப் போடப்பட்டிருந்தது. ஆகையால் மறுபடியும் வர்ணத்திற்கே துணிந்தேன்.

முதலில் மேலிருப்பது எந்த வார்னிஷ் என்று பார்க்க வேண்டும். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால், அரக்கு வார்னிஷாயின் பிசுபிசுவென்று இளகும். அரக்குக்கு ஸ்பிரிட்டும் ஆகாது, சோடா உப்பும் ஆகாது. டர்ப்பென்டைன் நனைத்த துணியால் துடைத்தால் போதும். மற்ற வார்னிஷ்களை வெந்நீரில் கரைத்த சலவைச் சோடாவால் கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, ஒரு நாள் முழுவதும் உலரவிடலாம்.

பிறகு உப்புத்தாள். 120-ஆம் எண்ணில் தொடங்கி 220-இல் முடிக்கலாம். எண் ஏற ஏறத் தாள் நயமாகும். ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வார்னிஷ் முழுவதையும் சுரண்டி மரத்தைக் காட்ட வேண்டியதில்லை; பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்தாற்போல் மங்கினால் சரி. செதில் கிளம்பிய இடங்களை மட்டும் அடிவரை எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வார்னிஷுக்கு மேலோ கீழோ பழைய வர்ணம் இருந்தால், அதில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்ற விதி, 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்துதான் அமலுக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் தீங்கானது. பழைய தொட்டில்களை நினைத்தாலே எனக்குப் பயமாயிருக்கிறது. பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது அதன் விளிம்பைத்தானே! சந்தேகமுள்ள வர்ணத்தை உலர்ந்தபடி தேய்க்கவோ, தீயால் கருக்கவோ கூடாது. நீர்த்தாளை நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் எடுத்து, அத்துணியை எறிந்துவிட வேண்டும். குழந்தைகள் அன்றைக்கு அடுத்த வீட்டில் இருக்கட்டும்.

தூசி போன பின் ஒரு கை பிரைமர். வெடிப்புகளுக்கு மக்கு அடைப்பது அதற்குப் பிறகே. வெறும் மரத்தில் எண்ணெய் மக்கை அடைத்தால், மரம் எண்ணெயை உறிஞ்ச, மக்கு உலர்ந்து உதிர்ந்துவிடும். கணுக்களில் பிசின் கசியும். ஈட்டி, வேங்கை முதலியவற்றின் சாயம் வெள்ளை வர்ணத்தின் ஊடே மஞ்சளாய்த் தலைகாட்டும். இவற்றை அடக்க, பிரைமருக்கு முன்பே மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூச வேண்டும். அரக்கு நம் தேசத்துச் சரக்கு. புரசு, இலந்தை மரங்களில் ஒரு சிறு பூச்சி உண்டாக்குவது. இதை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் 1924-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது.

இனி வர்ணம். கனமாக ஒரு கை பூசுவதைவிட மெல்லியதாய் இரண்டு கை பூசுவதே மேல். இடையில் ஓர் இரவாவது உலர வேண்டும். மேஜையைக் கவிழ்த்துக் கால்களை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எண்ணெய் வர்ணம் லேசில் உலராது. தை, மாசி உத்தமம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவது பேராபத்து. அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போடுங்கள்.

இரண்டாம் முறை எனக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. இழுப்பறையின் உட்புறத்தை மட்டும் தொடவில்லை. அங்கே பாட்டனாரின் மைக்கறை இருக்கிறது. ஒரு வருஷமாக வர்ணம் உரியவில்லை. தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும், பளுவான சாமானை வைக்கப் பதினைந்து நாளாவது பொறுக்க வேண்டுமென்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். நாலாம் நாளே என் தாயார் பித்தளைக் கூஜாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டார். அந்த வட்டத் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது.