தாலிக்கு முன்னே ஃபைல்

கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயர் ஒரு விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் வேறு விதம். பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் தகப்பன் பெயர் வெறும் இனிஷியலாக முன்னால் நிற்கும். ஆதாரில் அதே இனிஷியல் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பெண் மலேசியாவில் கோத்தா திங்கிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஜொகூர் பாரு செத்தியா திரோப்பிகாவில் குடிநுழைவுத் துறைக் கவுண்டரில் புருஷனோடு உட்காரும் நாளில் இது பெரிய விஷயமாகிவிடும். காகிதத்தில் இருக்கும் இந்த நான்கு பேரும் ஒருவர்தானா என்று அங்கே கேட்பார்கள்.

நான் எஸ்டேட் கிராணியாக இருந்தவன். விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் எழுதி, சம்பளப் புத்தகத்தில் கூட்டல் சரிபார்த்தே தலை நரைத்தது. ஓய்வுக்குப் பிறகு கோத்தா திங்கி டவுனுக்குக் குடிவந்துவிட்டேன். சொந்தக்காரர், கோயில்காரர் என்று யாராவது கையில் பாரத்தோடு வீட்டுக்கு வருவார்கள். "கிராணி அங்கிள், இதை ஒரு பார்வை பாருங்க" என்பார்கள். வருகிறவர்களில் இந்த 'ஸ்பவுஸ் விசா' கேஸ்தான் அதிகம். லாரி ஓட்டுகிற பையன், செம்பனைத் தோட்டத்து மண்டோர், சிங்கப்பூருக்குத் தினம் போய்வரும் டெக்னீஷியன் எல்லாருக்கும் ஊரிலிருந்து பெண் வந்திருக்கிறது, அல்லது வரப்போகிறது.

அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. "இன்டர்வியூவில் என்ன கேப்பாங்க, அங்கிள்?"

நான் திருப்பிக் கேட்பேன்: "கல்யாணம் எங்கே ரிஜிஸ்டர் ஆச்சு தம்பி?" பாதி நேரம் அங்கேயே பேச்சு நின்றுவிடும். கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டாயிற்று, வீடியோ இருக்கிறது என்பான். வீடியோவை வைத்து விசா தரமாட்டார்கள். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் ஆள்கிறது. அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் தேதி. அன்றிலிருந்து, பதிவாளரோ அதிகாரம் பெற்ற துணைப் பதிவாளரோ பதிந்து கையெழுத்து வாங்காத கல்யாணம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. சில கோயில்களில் அந்த அதிகாரம் பெற்றவர் இருப்பார். எல்லாக் கோயிலிலும் இருக்கமாட்டார். குருக்கள் மந்திரம் சொன்னதும் பதிவாளர் பதிந்ததும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

வரிசையை முதலில் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பதிவு. பிறகுதான் 'ஸ்பவுஸ் விசா' என்று சொல்கிற நீண்டகால சமூக வருகை பாஸுக்கு விண்ணப்பம். அதற்குப் பிறகு நேர்காணல். இதை மாற்றிப்போட வழியில்லை.

கல்யாணத்தை இங்கே வைத்துக்கொள்வதாக இருந்தால் நாள் கணக்கு ரொம்ப நெருக்கம். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வருகை உண்டு. அந்தச் சலுகையை 2026 இறுதி வரை நீட்டியிருக்கிறார்கள். இது நல்ல காலம்தான். ஆனால் திருமணச் சட்டத்தைப் பாருங்கள்: விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் அந்தப் பதிவு வட்டாரத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும், விண்ணப்ப அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. முப்பதில் மிச்சம் இரண்டு நாள். நடுவில் தீபாவளி லீவோ ஹரிராயா லீவோ வந்தால் அந்த இரண்டும் போச்சு. பெண் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே மற்ற எல்லாக் காகிதமும் தயாராக இருந்தால்தான் இந்தக் கணக்கு ஓடும்.

அந்த மற்றக் காகிதங்களில் கழுத்தைப் பிடிப்பது, பெண் ஏற்கெனவே மணமானவள் அல்ல என்ற சான்றிதழ். தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் 'திருமணமாகாதவர் சான்றிதழ்' தருகிறார். அதை அப்படியே பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால் இங்கே எடுபடாது. மாநில அரசின் சான்றொப்பம், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பம், பிறகு மலேசியத் தூதரகத்தின் முத்திரை, இங்கே வந்ததும் மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா என்று அது ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். சென்னையில் ஏஜென்ட்டுகள் 'அப்போஸ்தில்' ஒட்டிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அப்போஸ்தில் என்பது அதற்கென்று உள்ள ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் செல்லுகிற முத்திரை. இந்தியா 2005-லிருந்து அதில் இருக்கிறது. மலேசியா இதுவரை சேரவில்லை. துபாய்க்கும் லண்டனுக்கும் ஒரே பாரத்தை நீட்டுகிற ஏஜென்ட்டிடம் 'மலேசியாவுக்கு' என்று அழுத்திச் சொல்லுங்கள்.

ஊரிலேயே கல்யாணம் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு வேறு வழி. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணமும் கட்டாயம் பதிவாக வேண்டும். 90 நாளுக்குள் பதிந்துவிட்டால் தொல்லை இல்லை. அதோடு மலேசியச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது: வெளிநாட்டில் கல்யாணம் முடித்த மலேசியர், 6 மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும், அதற்குள் நாடு திரும்பிவிட்டால், வந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் இங்கே தேசியப் பதிவுத் துறையில் பதிய வேண்டும். தேனிலவு, மாமியார் வீட்டு விருந்து, ஆடி மாதம் என்று தள்ளிப்போட்டே அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாமதப் பதிவு நடக்கும், ஆனால் 'ஏன் தாமதம்' என்பதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் பிறகு நேர்காணல் மேசைக்கும் வந்து சேரும்.

இனி ஃபைலுக்கு வருவோம். நான் இரண்டு ஃபைல் போடச் சொல்வேன்: அசல் ஒன்று, நகல் ஒன்று, இரண்டும் ஒரே வரிசையில். ஐ.எம்.12 விண்ணப்பப் பாரம், இருவர் படமும், திருமணச் சான்றிதழ், பெண்ணின் பாஸ்போர்ட்டில் எல்லாப் பக்கத்தின் நகலும், கணவனின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, இ.பி.எஃப். அறிக்கை, கல்யாணப் படங்கள். வருமான வரி வாரியத்தில் 10 வெள்ளி முத்திரைத் தீர்வை கட்டிய உறுதிப் பத்திரம் ஒன்றும் உண்டு; மனைவியின் நடத்தைக்கும் செலவுக்கும் கணவன் பொறுப்பு என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடும் முன் பையன்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் படிக்க வைத்துத்தான் பேனாவைக் கொடுப்பேன்.

பெயர் விஷயத்தில் பாஸ்போர்ட்டுதான் ராஜா. மற்றக் காகிதங்கள் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஊரில் இருக்கும்போதே திருத்த முடிந்ததைத் திருத்திவிடுங்கள். முடியாததற்கு, பெயர் வேறுபட்டாலும் ஆள் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய பிரமாணப் பத்திரம் போதும். நம் பக்கத்துப் பிரச்சினை வேறு. அடையாள அட்டையில் ஏ/எல் போட்டுத் தகப்பன் பெயர் இருக்கும். அந்தத் தகப்பனுடைய பெயரையே தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுதியவர் ஒரு எழுத்து மாற்றி எழுதியிருப்பார். எங்கள் காலத்துக் கிராணிமார்களின் ஸ்பெல்லிங்கைப் பற்றி நானே அதிகம் பேசக்கூடாது.

கோத்தா திங்கிக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு அடுத்தடுத்து இரண்டு முறை ஏறி டவுனையே மூழ்கடித்தது. அலமாரிக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழ்கள் கூழாகிப் போன வீடுகள் எத்தனையோ. அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தாம் இன்று மாப்பிள்ளைகள். அழிந்ததற்குப் பதிலாகத் தேசியப் பதிவுத் துறையிலிருந்து பதிவு நகல் எடுக்கலாம். அதை நேர்காணலுக்கு முதல் வாரம் தேட ஆரம்பிக்காதீர்கள்.

சரி, நேர்காணல். இருவரும் நேரில் போக வேண்டும். சேர்த்தும் கேட்கலாம், தனித்தனியாகவும் கேட்கலாம். எப்படிச் சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், வீட்டில் எத்தனை பேர், புருஷனுக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார். இவ்வளவுதான். ஒருவரை ஒருவர் அறிந்த தம்பதிக்கு இதில் கஷ்டமே இல்லை. கஷ்டம் வருவது மனப்பாடம் செய்கிறவர்களுக்கு. இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று காசு வாங்கிக்கொண்டு பதில் எழுதிக் கொடுக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். இருவரும் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வராதா? வெட்கத்தில் தலை குனிந்து சொன்னாலும், தெரியாததைத் 'தெரியாது' என்று சொன்னாலும் ஒரு கெடுதலும் இல்லை.

நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு. "உன் வீட்டு விலாசத்தைப் பார்க்காமல் சொல்லும்மா. உன் பாஸ்போர்ட்டு எந்தத் தேதியில் முடியுது, சொல்லு." தன் காகிதத்தைத் தானே படித்திராத பெண்தான் கவுண்டரில் தடுமாறுவாள். எங்கள் தலைமுறைக்குக் காகிதத்தைப் பற்றிய பயம் ரத்தத்தில் ஊறியது. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். பெட்டியில் எந்தக் காகிதம் இருந்தது என்பதுதான் யார் தங்குவது, யார் போவது என்று தீர்மானித்தது.

பாஸ் கிடைத்தவுடன் வேலைக்குப் போகலாம் என்று நினைப்பதும் தவறு. நீண்டகால சமூக வருகை பாஸில் வேலை அனுமதி தானாக வராது. தனியாகக் கேட்டு அந்த அனுமதியை வாங்க வேண்டும். முடிவுத் தேதியை மறந்து தங்கிவிட்டால் குடிநுழைவுச் சட்டத்தில் அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாது, சிறையும் போகலாம். தொடர்ந்து 5 ஆண்டு அந்தப் பாஸில் இருந்தால் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு, அரசியலமைப்பின் 15(1) பிரிவின் கீழ், மலேசியரின் மனைவி குடியுரிமை கேட்கலாம். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த மனைவிக்கு மலாய்மொழி அறிவும் வேண்டும் என்கிறது. எனவே வந்த வருடமே மலாய் வகுப்பில் சேருங்கள். மெகாசீரியலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும். மலேசியப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டு ஆணுக்கு அந்த 15(1) வழி கிடையாது. என்னைக் கேட்டால் அது அநியாயம்.

எல்லாவற்றையும் விடப் பெரியது பிள்ளை விஷயம். கல்யாணம் பதிவாவதற்கு முன்னால் குழந்தை பிறந்துவிட்டால், சட்டம் அதைத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாகப் பார்க்கும். அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணைப்படி அந்தப் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை வராது, தாயைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும். தாய் வெளிநாட்டவர் என்றால் பிறப்புச் சான்றிதழில் 'குடிமகன் அல்லர்' என்று விழும். இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளிக்குப் போய், இந்த மண்ணைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளை. அதைச் சரிசெய்ய அலைவது வருடக்கணக்கில் இழுக்கும், முடிவும் நிச்சயமில்லை.

ஆகவே முகூர்த்த நாள் குறிக்க ஜோசியரிடம் போவதற்கு முன்னால், தேசியப் பதிவுத் துறைக் கவுண்டருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பதிவுத் தேதி உறுதியான பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள்.