பேஸ்மேக்கர் வயரை எடுக்க வேண்டி வந்தால்

பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் தோல் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கசிகிறது. உடனே பலரும் செய்வது ஒன்றுதான்: பக்கத்து கிளினிக்கில் பத்து நாள் மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, மிஞ்சிப் போனால் மறு தையல். ஆறியதுபோல் தெரியும், மறுபடி கசியும். பேஸ்மேக்கர் பெட்டியின் மீதும் அதிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரின் மீதும் கிருமி படலமாக ஒட்டிக்கொண்ட பிறகு மருந்து அதை முற்றாக அழிப்பதில்லை. பெட்டியையும் எல்லா வயர்களையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும் என்றுதான் இதயத்துடிப்பு வல்லுநர்களின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் மாதக்கணக்கில் மாத்திரை எழுதித் தருகிறவர்களை என்ன சொல்வது? மறுபடியும் சொல்கிறேன்: சீழ் வைத்த பேஸ்மேக்கர் மாத்திரையில் தீராது.

வீட்டில் எழும் அடுத்த பேச்சு வயதைப் பற்றியது. "பெரியவருக்கு எண்பது வயசு, தாங்குவாரா? இளவயதுக்காரர் என்றால் சுலபமாக எடுத்துவிடலாம்" என்கிறார்கள். வயரைப் பொறுத்தவரை கணக்கு ஏறக்குறைய தலைகீழ். தோள்பட்டை அருகே ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் வயரைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவை வளர்க்கிறது. இளம் உடம்பில் அந்தத் தழும்பு வீரியமாக வளரும், நாளடைவில் சுண்ணாம்பும் படியும். இளமரத்தில் கட்டிய கம்பியை மரமே விழுங்கிக்கொள்வதைப்போலத்தான். முதியவருக்குத் தழும்பு பெரும்பாலும் அவ்வளவு இறுகுவதில்லை. ஆக, பார்க்க வேண்டிய வயது இரண்டு: ஆளின் வயது, வயரின் வயது. வைத்து ஓராண்டுக்குள் என்றால் பெரும்பாலும் இழுத்தே எடுத்துவிடலாம். அதற்கு மேல் போனால் தழும்பை அறுத்து வயரை விடுவிக்கும் லேசர் உறையோ சுழலும் உறையோ தேவைப்படலாம். இருபது வயதில் வைத்து பதினைந்து ஆண்டு கழிந்த வயர்தான் மருத்துவருக்குப் பெரிய சோதனை.

அப்படியானால் இளைஞருக்குத் தொடாமல் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். கிருமி இல்லாத, பயன்படாத வயராக இருந்தால் விடுவதா எடுப்பதா என்று நிதானமாக யோசிக்க இடமுண்டு. ஆனால் அவர் இன்னும் நாற்பது ஆண்டு அதைச் சுமக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டரி மாற்றத்திலும் கிருமி புகும் வாய்ப்பு உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் வயரை இன்னும் இறுக்கும். கிருமி புகுந்துவிட்டாலோ யோசிக்கவே இடமில்லை. முதியவரை விட்டுவிடலாம் என்பதும் சரியல்ல. அவருக்கு ஆபத்து வயரில் இருப்பதைவிட சர்க்கரை, சிறுநீரகம், பலவீனம் ஆகியவற்றில்தான் அதிகம். அவற்றைச் சீர்செய்துகொண்டு எடுக்கலாம். ஐரோப்பாவில் 19 நாடுகளின் 73 மருத்துவமனைகள் தொகுத்த 3,500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவில், சிகிச்சையால் நேர்ந்த பெரிய சிக்கல் 1.7 சதவீதம்தான். ஆனால் அது அனுபவமுள்ள இடங்களின் கணக்கு. பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் சில நிமிடங்களில் நெஞ்சைத் திறந்தாக வேண்டும். ஆகவே கேத் லேப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை வயர் எடுக்கிறீர்கள், இதய அறுவை மருத்துவர் அருகிலேயே தயாராக இருப்பாரா என்றும் கேளுங்கள். கடலூர்ப் பகுதிக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான். அங்கே இதய மருத்துவம், இதய அறுவை இரண்டு துறைகளும் உண்டு. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

எங்கே போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன வயர், எப்போது வைத்தது?" பலர் பதில் இல்லாமல் நிற்பது இங்கேதான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருந்தால் போதும். பேட்டரியோ பல ஆண்டு ஓடும். பெட்டியை மாற்றும் காலத்தில் தாள் இருக்காது; இந்த விதியை எழுதியவர்கள் பேஸ்மேக்கர் வைத்தவரை நினைத்தே பார்க்கவில்லை. எனவே டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, பெட்டிக்கும் ஒவ்வொரு வயருக்குமான வரிசை எண் ஸ்டிக்கர், மார்பு எக்ஸ்ரே, கருவிச் சோதனை அறிக்கை எல்லாவற்றையும் வாங்குங்கள். பேஸ்மேக்கரை மட்டுமே நம்பி இதயம் துடிக்கிறதா என்பது அந்தச் சோதனை அறிக்கையில் தெரியும். எடுக்கும் நாளில் அது உயிர்ப் பிரச்சினை.

வாங்காமல் விட்டவர்கள் உள்நோயாளி எண், சேர்ந்த தேதி குறிப்பிட்டு மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை பெறுங்கள். அதே விதிகளின்படி 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு "ரெக்கார்டு இல்லை" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருந்த காலத்தில் வைத்தவர்கள், இப்போது அது அரசுக் கல்லூரி ஆகிவிட்டதே என்று குழம்பாமல் அதே வளாகத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனை இழுத்தடித்தால், பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போடுங்கள். உயிர் தொடர்பானது என்று காரணத்தோடு எழுதினால் 48 மணி நேரம்தான் கெடு. கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனையின் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

செலவுக்கும் வழி இருக்கிறது: தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போகலாம். உதவி எண் 1800 425 3993. வயரை எடுக்கும் சிகிச்சைக்கு நீங்கள் போகும் மருத்துவமனையில் திட்டத்தின்கீழ் அனுமதி உண்டா என்று, அட்மிட் ஆகும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கசிவு தொடங்கிய பிறகு சான்றிதழுக்கு அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். அட்டை இல்லாதவர்கள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.