புற ஊதா விளக்கு வாங்குமுன்...

நம் உறுப்பினர்களில் சிலர் கடையுடன் லாட்ஜ், வாடகை அறைகளும் நடத்துகின்றனர். 2020 கொரோனாவுக்குப் பின் கிருமி நீக்கும் புற ஊதா விளக்குகள் பெருமளவில் விற்பனைக்கு வந்துள்ளன. சரக்கு நல்லதுதான், அதன் குணமறிந்து வாங்க வேண்டும்.

254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைத்து, அது பெருகாமல் தடுக்கிறது. ஆனால் கதிர் நேராக விழும் இடத்தில்தான் வேலை நடக்கும். கட்டிலுக்கு அடியிலும் மடித்த போர்வைக்குள்ளும் எட்டாது. அழுக்குப் படிந்த இடத்திலும் பலன் குறைவு. ஆகவே முதலில் துடைப்பமும் சோப்பும், பிறகே விளக்கு.

விளக்கு எரிகையில் அறையில் ஆள் இருக்கலாகாது; கண்ணும் தோலும் புண்படும். அறை பெருக்கும் பணியாளருக்கு இதை அவசியம் சொல்லி வைக்க வேண்டும். நீல ஒளி தெரிந்தாலும் நாளடைவில் கதிரின் வீரியம் குறையும். குறிப்பிட்ட மணி நேரம் எரிந்ததும் குழலை மாற்றுவதே முறை. பாதரசக் குழலை உடைத்துக் குப்பையில் எறியலாகாது.

அலைநீளம், குழலின் ஆயுள் இரண்டையும் பில்லில் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.