பழைய இயந்திரமும் புதிய திரையும்



இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று எப்போது கூறலாம்? ஒன்றின் செருகி மற்றொன்றின் துளையில் நுழைந்துவிட்டால் போதுமா? போதாது என்னும் உண்மையை, ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பிறகு, ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் நான் கற்றேன். பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் காலம் கடந்து கற்ற பாடம் அது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓசூரின் தொழில் வளத்தை நீங்கள் அறிவீர்கள். 1970-களில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. அதன்பின் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி, அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்து தரும் சிறு பட்டறைகள் பல தோன்றின. அத்தகைய பட்டறை ஒன்றை என் பழைய மாணவர் ஒருவர் நடத்தி வருகிறார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு கணினி லேத்து. அதுவும் பிறர் பயன்படுத்திய பின் வாங்கியது. அவரும் இரண்டு தொழிலாளர்களும் அதனை நம்பியே வாழ்கின்றனர்.

ஒரு நாள் அவர் என் இல்லத்திற்கு வந்தார். "ஐயா, லேத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரை இருண்டுவிட்டது. கருவி எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எப்படி ஓட்டுவது? அந்தப் படக்குழாய் இப்போது கிடைப்பதில்லை என்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற என்னிடம் பணம் இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதா?" என்று கேட்டார்.

நான் சற்றும் எண்ணிப் பாராமல், "இதற்கு ஏன் இத்தனை கவலை? இரு முனைகளும் பொருந்தும்படி ஒரு கம்பி வாங்கிப் புதிய தட்டைத் திரையை மாட்டிவிடு" என்றேன். அவ்வாறே செய்தார். செருகிகள் அழகாகப் பொருந்தின. ஆனால் திரையில் படம் தோன்றவில்லை. வந்த குறிகை தன் வரம்பிற்கு அப்பாற்பட்டது என்னும் அறிவிப்பு மட்டுமே தோன்றி மறைந்தது. என் சொல்லை நம்பி அவர் பணத்தையும் இரண்டு நாள் வேலையையும் இழந்தார். அன்றிரவுதான் நான் மீண்டும் புத்தகத்தை எடுத்தேன்.

பழைய படக்குழாய் எவ்வாறு வேலை செய்தது? வகுப்பறைக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் கை இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதுகிறது. மீண்டும் இடப்பக்கம் வந்து அடுத்த வரியைத் தொடங்குகிறது. பலகை முடிந்ததும் மேலே செல்கிறது. படக்குழாயில் அந்தக் கையின் வேலையைச் செய்வது மின்னணுக் கற்றை. அது எப்போது புதிய வரியைத் தொடங்க வேண்டும், எப்போது மேலே திரும்ப வேண்டும் என்பதை அறிவிக்கும் மணியோசை போன்றவை ஒத்திசைவுத் துடிப்புகள். படக்குறிகையோடு அந்த மணியும் கம்பியின் வழியே வந்துகொண்டே இருக்கும்.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். 1959-இல் தில்லியிலும் 1975-இல் சென்னையிலும் தொடங்கிய நம் தொலைக்காட்சியில், ஒரு படத்திற்கு 625 வரிகள். வினாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் வினாடிக்கு 15,625 வரிகள். தொலைக்காட்சிக் குழாய்கள் உலகெங்கும் ஏராளமாகவும் மலிவாகவும் கிடைத்தமையால், பழைய கணினிகளும் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பல ஏறத்தாழ அதே வேகத்தைக் கைக்கொண்டன. நம் லேத்தின் குறிகையை மாணவரின் நண்பர் அலைகாட்டியில் அளந்து பார்த்தார். வினாடிக்கு 60 முறை, ஒவ்வொரு முறையும் 262 வரிகள், அதாவது 15,720.

1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. என்னும் முறையைக் கொணர்ந்தது. அதில் படத்திற்கு 525 வரிகள்; அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை 480. அவை வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை வருவதால் வரி வேகம் சுமார் 31,500 ஆகிறது. பின்னர் வந்த கணினித் திரைகளுள் பெரும்பாலானவை இதற்குக் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை. பழைய மணி ஒலித்தது; புதிய திரை காத்திருந்ததோ அதனினும் இரு மடங்கு விரைவான மணிக்கு. கம்பி என்ன செய்யும்? அது குறிகையைச் சுமந்து செல்லுமேயன்றி, அதன் காலத்தை மாற்றாது.

காலத்தை மாற்ற வேண்டுமாயின் நினைவு வேண்டும். சொல்வதெழுதும் வகுப்பில் ஆசிரியர் மெதுவாக ஒரு வரி சொல்கிறார். மாணவன் அதனை எழுதிக்கொண்டு, அடுத்த அறையில் உள்ளவர்க்கு இரு மடங்கு விரைவில் இரண்டு முறை படித்துக் காட்டுகிறான். ஆசிரியர் அடுத்த வரியை முடிக்கும்போது அவனும் முடித்திருப்பான். பட மாற்றுக் கருவியின் உள்ளே நடப்பது இதுவே. வரும் வரியை எண்களாக்கி நினைவகத்தில் பதிந்து, புதிய வேகத்தில் மீண்டும் வெளியிடுகிறது. நம் கணக்கில் 15,720-இன் இரு மடங்கு 31,440; திரை எதிர்பார்த்த வேகத்திற்கு அது மிக அண்மையில் இருப்பதைக் காண்க.

வேகம் ஒன்றே போதாது. மின்னழுத்தமும் ஒத்துவர வேண்டும். வி.ஜி.ஏ. முறையில் ஒவ்வொரு வண்ணக் குறிகைக்கும் 0.7 வோல்ட் அளவே உச்சம்; சில பழைய கருவிகளோ 5 வோல்ட் வரை அனுப்பும். அதனை நேரே இணைத்தால் புதிய கருவி பழுதுபடலாம். மற்றோர் எச்சரிக்கையையும் மறவாதீர்கள்: வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் அழுத்தம் இருக்கக்கூடும், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் அப்பெட்டியைத் திறத்தல் ஆகாது.

அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, பெங்களூரின் எஸ்.பி. ரோட்டிலுள்ள மின்னணுக் கடைகளுக்கு இருவரும் சென்றோம். பழைய விளையாட்டு இயந்திரங்களுக்கென விற்கப்படும் மாற்றுப் பலகை ஒன்று அங்குக் கிடைத்தது. இம்முறை வாங்குவதற்கு முன்பே, அது ஏற்கும் வரி வேகத்தையும் மின்னழுத்தத்தையும் கேட்டு, தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்.

பட்டறையில் அதனை இணைத்தபோது படம் முதலில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. பலகையின் பொத்தான்களை அழுத்தி நடுவே கொணர்ந்தோம். எழுத்துகளின் ஓரம் சற்று மங்கலாகவே இருந்தது. ஆயினும் ஒவ்வோர் எண்ணும் ஐயமின்றிப் படிக்கக் கூடியதாயிற்று. தொழிலாளருள் மூத்தவர் அவ்வெண்களை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, மறுசொல் இன்றி வேலையைத் தொடங்கினார்.

மாணவ மணிகளே, அந்த லேத்து கெட்டுப் போகவில்லை. அது பேசிக்கொண்டேதான் இருந்தது. அதன் பேச்சைக் கேட்பார்தாம் இல்லை. ஒரு பொருளைப் பயனற்றதென்று தள்ளுவதற்கு முன் அது என்ன சொல்கிறது, எந்த வேகத்தில் சொல்கிறது என்று அளந்து பாருங்கள். அளக்காமல் அறிவுரை கூறிய ஓர் ஆசிரியனின் வேண்டுகோள் இது.