மலைநாட்டு மழைக்கு வாடகைக் கணினிகள்

தென்மேற்குப் பருவத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவு நனையும்போது கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். கண்டியைச் சூழ்ந்த மலைகளின் இந்த வேறுபாட்டைக் கணிக்க, டபிள்யூ.ஆர்.எஃப் போன்ற வானிலை மாதிரிகள் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கணக்கு வேலை ஏறத்தாழ 8 மடங்காகும்: நீளத்தில் 2, அகலத்தில் 2, நேரப்படியில் 2. ஆய்வகக் கணினி இதைத் தாங்காது. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் உண்டாக்கிய மண்சரிவுகளை எண்ணினால், இந்த நுணுக்கம் உயிர் காக்கும் விஷயம்.

முகிற் கணிமை இங்கேதான் கைகொடுக்கிறது. கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையிலிருந்தபடியே மும்பை அல்லது சிங்கப்பூர் தரவு மையத்தில் நூற்றுக்கணக்கான செயலிகளைச் சில மணிநேரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு நேரப்படியிலும் அண்டைக் கட்டங்கள் விளிம்பு மதிப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். இடையிலுள்ள வலையமைப்பு மந்தமானால் செயலிகள் சும்மா காத்திருக்கும், வாடகையோ ஏறிக்கொண்டே போகும். அதனால் கணினிகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாக, அதிவேக இணைப்புடன் கேட்டு வாங்க வேண்டும்.

அமேசானின் முகிற் சேவையில் மலிவாகக் கிடைக்கும் 'ஸ்பொட்' கணினிகள் 2 நிமிட முன்னறிவிப்புடன் பறிக்கப்படலாம். இடைநிலை முடிவுகளை அடிக்கடி சேமிக்காவிட்டால் அதுவரை செய்த கணக்கு முழுவதும் வீண். முடிவுகளைத் தரவிறக்கவும் தனிக் கட்டணம் உண்டு. ஆண்டு முழுவதும் ஓயாமல் ஓடும் வேலைக்குச் சொந்தக் கணினியே பெரும்பாலும் மலிவு.